நரம்பணுவைக் கண்ட கஹால்

மனித உடல் பல உறுப்புகளால் ஆகியது. கண் காண்கிறது; செவி கேட்கிறது; கை தொழில் செய்கிறது; கால் நடக்கிறது. இவை யாவும் தத்தம் போக்கில் இயங்குமாயின் உடல் ஒருநாளும் நிலைபெறாது. உறுப்புகள் அனைத்தையும் ஒன்றுபடுத்தி, வெளியுலகச் செய்திகளை உள்ளே கொணர்ந்து, உள்ளிருந்து கட்டளைகளை வெளியே செலுத்தி, உடல் என்னும் அரசை ஆள்வது நரம்பு மண்டலமே ஆகும். மண்டையோட்டினுள் மூளையும், முதுகெலும்பினுள் தண்டுவடமும் பாதுகாப்பாக அமைந்துள்ளன. மூளையிலிருந்து 12 இணை நரம்புகளும், தண்டுவடத்திலிருந்து 31 இணை நரம்புகளும் புறப்பட்டு, கிளைத்துக் கிளைத்து உடலெங்கும் பரவுகின்றன. கண்ணுக்குத் தெரியும் இவ்வமைப்பை அறிஞர் பலர் முன்னரே ஆராய்ந்திருந்தனர். ஆயினும் மூளையும் நரம்பும் எத்தகைய நுண்பொருள்களால் ஆகியவை, அவற்றினுள் செய்தி எவ்வழியே செல்கிறது என்பவற்றை 19ஆம் நூற்றாண்டின் இறுதிப்பகுதி வரை எவரும் தெளிவாக அறிந்திலர். அப்புதிரை அவிழ்த்த பெருமை ஸ்பெயின் நாட்டு அறிஞராகிய சாண்டியாகோ ராமோன் இ கஹால் என்பவரைச் சாரும்.

ஸ்பெயின் நாட்டின் வடபகுதியில் பெடிலா தெ அரகோன் என்னும் மலைச் சிற்றூர் உள்ளது. அவ்வூரில் 1852ஆம் ஆண்டு மே மாதம் முதல் நாள் கஹால் பிறந்தார். தந்தையார் ஹுஸ்தோ ராமோன். அன்னையார் அந்தோனியா கஹால். தந்தையின் குடிப்பெயரையும் தாயின் குடிப்பெயரையும் சேர்த்து வழங்குதல் அந்நாட்டு வழக்கம். ஹுஸ்தோ ஏழைக் குடும்பத்தில் தோன்றியவர். சிற்றூர் மருத்துவர் ஒருவரிடம் பணியாளாய் அமர்ந்து, தம் விடாமுயற்சியால் கற்றுத் தேறி, அறுவை மருத்துவராய் உயர்ந்தவர். உழைப்பையும் பயன்தரும் கல்வியையும் அன்றி வேறு எதனையும் அவர் மதித்தாரல்லர். தம் மகனும் மருத்துவனாதல் வேண்டும் என்பதே அவருடைய பெருவிருப்பம்.

மகனுடைய விருப்பமோ வேறாக இருந்தது. சிறுவர் கஹாலுக்கு ஓவியத்தின்மீது அடங்காக் காதல். வெள்ளைச் சுவரைக் கண்டால் கை துறுதுறுக்கும். தாள் கிடைத்தால் குதிரையும் வீரரும் மரமும் மலையும் அதில் தோன்றும். ஓவியம் சோறு போடாது என்று கருதிய தந்தையார், தாளையும் எழுதுகோலையும் பறித்தார். மகனிடம் உண்மைத் திறமை உண்டா என்று அறியவும் ஒருநாள் எண்ணினார். அவ்வூர்த் தேவாலயத்தின் சுவர்களைப் பூசி வண்ணம் தீட்ட வந்திருந்த தொழிலாளி ஒருவரிடம் மகன் வரைந்த படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டார். படத்தில் அமைதியும் இல்லை, அளவும் இல்லை, இப்பிள்ளை ஒருகாலும் ஓவியன் ஆகான் என்று அத்தொழிலாளி முடிவு கூறினார். தந்தையார் அத்தீர்ப்பை முழுமையாக ஏற்றுக்கொண்டார். அன்று முதல் வீட்டில் ஓவியத்திற்கு இடமில்லாது போயிற்று. சிறுவர் கஹால் தாள்களை மறைத்து வைத்துக்கொண்டு, ஊர்ப்புறத்துத் தனிமையில் வரைந்து வந்தார்.

பள்ளியும் அவருக்கு இனிக்கவில்லை. பொருள் விளங்காத பாடங்களை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும்படி ஆசிரியர்கள் வற்புறுத்தினர். தவறினால் பிரம்படி விழுந்தது. கஹால் குறும்பில் வல்லவரானார். பதினொரு வயதில் மரக்கட்டையால் ஒரு பீரங்கி செய்து, வெடிமருந்து இட்டு, அண்டை வீட்டாரின் தோட்டக் கதவைத் தகர்த்துவிட்டார். அதன் பயனாகச் சில நாள் ஊர்ச் சிறையில் அடைபட்டார். சினங்கொண்ட தந்தையார் அவரைச் சில காலம் முடிதிருத்துவோரிடமும், பின்னர்ச் செருப்புத் தைப்போரிடமும் தொழில் பழக விட்டார். கஹால் அத்தொழில்களையும் கருத்தூன்றிக் கற்றார் என்பது குறிப்பிடத்தக்கது. கைத்திறன் எங்குக் கற்றாலும் வீண்போகாது என்பதற்கு அவருடைய பிற்கால வாழ்க்கை சான்றாயிற்று.

தந்தைக்கும் மகனுக்கும் இருந்த பிணக்கு 1868ஆம் ஆண்டில் எதிர்பாராத வகையில் தீர்ந்தது. மகனுக்கு உடற்கூற்றியலைக் கற்பிக்க விரும்பிய ஹுஸ்தோ, பழைய இடுகாடுகளில் கிடந்த மனித எலும்புகளைத் தேடிக் கொணர்ந்தார். ஒவ்வோர் எலும்பையும் கையில் எடுத்து, அதன் மேடு பள்ளங்களையும் துளைகளையும் விளக்கினார். மகன் அவற்றை அப்படியே தாளில் வரைந்தார். உள்ளதை உள்ளவாறு காணவும், கண்டதைக் கோட்டில் நிறுத்தவும் வல்ல கை மருத்துவக் கல்விக்குப் பெருந்துணை புரியும் என்பதைத் தந்தையார் அன்று உணர்ந்தார். தாம் தடுத்த கலையே தாம் விரும்பிய கல்விக்கு வாயிலாய் அமைந்ததைக் கண்டு மகிழ்ந்தார். பின்னர்ச் சாரகோசா நகரில் மகன் மருத்துவம் பயின்றபோது, தந்தையாரும் அங்கு உடற்கூற்றியல் கற்பித்தார். மகன் வரைந்த படங்களைத் தொகுத்து நூலாக்கவும் விரும்பினார்.

1873ஆம் ஆண்டில் கஹால் மருத்துவப் பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டே படை மருத்துவராகக் கியூபாத் தீவுக்கு அனுப்பப்பட்டார். அக்காலத்தில் அத்தீவு ஸ்பெயினின் ஆட்சியில் இருந்தது; அங்கு விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலங்களின் நடுவே அமைந்த மருத்துவ முகாமில் பணிபுரிந்த கஹாலை மலேரியாக் காய்ச்சல் பற்றியது. உடல் நலிந்து 1875ஆம் ஆண்டில் தாயகம் திரும்பினார். படைப்பணியில் ஈட்டிய ஊதியத்தில் மீந்த பணம் அவரிடம் சிறிது இருந்தது. 1877ஆம் ஆண்டில் மேற்பட்டத் தேர்வுக்காக மாட்ரிட் சென்றபோது, அங்கு நுண்ணோக்கியின் வழியே உடலின் நுண்ணமைப்புகளைக் கண்டு வியந்தார். ஊர் திரும்பியதும், தம் சேமிப்பைக் கொண்டு நுண்ணோக்கி ஒன்றை வாங்கினார். வீட்டு அறையே அவருடைய ஆய்வுக்கூடம் ஆயிற்று. காசநோய் அவரை வருத்தியபோதும் அவர் ஊக்கம் குன்றவில்லை. 1879ஆம் ஆண்டில் சில்வேரியா ஃபன்யனாஸ் என்னும் நங்கையை மணந்தார். குறைந்த வருவாயில் குடும்பத்தைச் செம்மையாக நடத்தி, கணவரின் ஆய்வுக்கு இடையூறு நேராமல் காத்தவர் அந்நல்லாள்.

பின்னர்க் கஹால் வலென்சியா நகரில் உடற்கூற்றியல் பேராசிரியரானார். 1885ஆம் ஆண்டில் அப்பகுதியில் வாந்திபேதி நோய் பரவி மக்களை வாட்டியது. சாரகோசா மாநில ஆட்சியினரின் வேண்டுகோட்கு இணங்கிக் கஹால் அந்நோயை ஆராய்ந்து அறிக்கை அளித்தார். அவர்கள் நன்றி பாராட்டும் முகமாக, செருமனி நாட்டில் செய்யப்பட்ட உயர்ந்த சைஸ் நுண்ணோக்கி ஒன்றை அவருக்குப் பரிசளித்தனர். பொன்னும் பொருளும் தந்திருந்தாலும் அவர் அத்துணை மகிழ்ந்திருக்க மாட்டார். அயல்நாட்டு ஆய்வாளர்க்கு இருந்தது போன்ற கருவி அன்றுதான் அவர் கைக்கும் வந்து சேர்ந்தது.

அந்நாளில் மூளையைப்பற்றி அறிஞர் அறிந்திருந்தவை சில, அறியாதவை பல. மூளையில் பெரும்பகுதி பெருமூளை என்பதும், எண்ணுதல், நினைவுகூர்தல், புலன்களால் உணர்தல், விரும்பியவாறு உறுப்புகளை இயக்குதல் ஆகியவை அதன் தொழில்கள் என்பதும் தெரிந்திருந்தன. தலையின் பின்புறத்தே அமைந்த சிறுமூளை, உடல் தள்ளாடாமல் நிற்கவும், தசைகள் ஒத்து இயங்கவும் துணைசெய்கிறது என்பதையும் அறிந்திருந்தனர். தண்டுவடத்தோடு மூளையை இணைக்கும் முகுளம், மூச்சையும் நெஞ்சத் துடிப்பையும் நாம் நினையாமலே நடத்துகிறது என்பதும் அவர்கள் கண்டதே. இப்பகுதிகள் யாவும் எதனால் ஆகியவை? உடலின் பிற பகுதிகள் தனித்தனி உயிரணுக்களால் ஆகியவை என்பது 1839ஆம் ஆண்டிலேயே நிறுவப்பட்டிருந்தது. ஆனால் மூளையை நுண்ணோக்கியில் நோக்கினால், ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும் இழைகளின் குழப்பமே தெரிந்தது. ஆகவே நரம்பு மண்டலம் முழுவதும் மீனவர் வலைபோலத் தொடர்ந்து இணைந்த ஒரே பின்னல் என்று அறிஞர் பலர் கருதினர். செருமனியில் இஸ் என்பவரும் சுவிட்சர்லாந்தில் ஃபோரல் என்பவரும் இக்கருத்தை ஐயுற்றனர். எனினும் ஐயத்தைத் தீர்க்கும் சான்று அவர்களிடம் போதிய அளவு இல்லை.

வலைக் கொள்கையை வலியுறுத்தியவருள் தலைசிறந்தவர் இத்தாலி நாட்டு அறிஞர் கமில்லோ கோல்ஜி. அவர் 1873ஆம் ஆண்டில் அரிய சாயமுறை ஒன்றைக் கண்டுபிடித்தார். மூளைத் துண்டைப் பொட்டாசியம் டைகுரோமேட்டுக் கரைசலில் ஊறவைத்துக் கெட்டிப்படுத்தி, பின்னர் வெள்ளி நைட்ரேட்டுக் கரைசலில் இட்டால், நரம்பணுக்களுள் மிகச் சில மட்டும் கறுப்பாகும். ஏனைய யாவும் நிறம் பெறாமல் நிற்கும். அடர்ந்த காட்டில் ஒரு மரத்தை மட்டும் கரிய மையால் தீட்டினாற்போல, அந்த ஓர் அணு அடி முதல் நுனி வரை தெளிவாகத் தெரியும். இத்துணைச் சிறந்த முறையை அந்நாளில் பலர் பொருட்படுத்தவில்லை. சில வேளைகளில் அது பயன் தந்தது. பல வேளைகளில் பொய்த்தது.

1887ஆம் ஆண்டில் மாட்ரிட் நகரில் லூயிஸ் சிமார்ரோ என்னும் மருத்துவர் இம்முறையில் சாயமேற்றிய மூளைத் துண்டுகளைக் கஹாலுக்குக் காட்டினார். அக்காட்சி கஹாலின் உள்ளத்தைக் கொள்ளைகொண்டது. அவ்வாண்டிலேயே பார்சலோனா நகருக்கு மாற்றம் பெற்ற அவர், அம்முறையைத் திருத்தும் பணியில் முனைந்தார். கரைசல்களில் ஒருமுறைக்கு இருமுறை ஊறவைத்தார். துண்டுகளைச் சற்றே தடிப்பாக அறுத்தார். யாவற்றினும் சிறந்த திருத்தம் வேறொன்று. வளர்ந்த விலங்கின் நரம்பிழைகளைக் கொழுப்புறை ஒன்று மூடியிருக்கும். அவ்வுறை அமைந்த இழைகளில் வெள்ளிச் சாயம் எளிதில் பற்றுவதில்லை. ஆகவே பறவைக் கருவையும் இளங்குட்டிகளையும் அவர் ஆராய்ந்தார். முதிர்ந்த காட்டில் வழி தெரியாவிடில், இளங்கன்றுகள் நிற்கும் தோப்பில் மரத்தின் உருவை அறியலாம் அன்றோ? எளிய இவ்வெண்ணம் பிறர் காணாததை அவர் காணும்படி செய்தது.

1888ஆம் ஆண்டு கஹாலின் வாழ்வில் பொன்னாண்டாகும். பறவையின் சிறுமூளையை ஆராய்ந்தபோது, ஓரணுவின் இழை மற்றோர் அணுவை நெருங்கி, கூடைபோல அதனைச் சுற்றிப் படர்ந்து, அங்கேயே முடிந்துவிடுதலைக் கண்டார். அது மற்றதனோடு கலந்து ஒன்றாகவில்லை. மீண்டும் மீண்டும் நோக்கினார். எத்தனை துண்டுகளை நோக்கினாலும் அவ்வுண்மையே தெரிந்தது. நரம்பு மண்டலம் தொடர்ந்த வலையன்று. தனித்தனி உயிரணுக்களின் கூட்டமே என்பது புலனாயிற்று. ஓரணு மற்றோர் அணுவைத் தொட்டு நிற்கிறதேயன்றி அதனுள் கரைந்துவிடுவதில்லை. கோல்ஜி கண்ட முறையே கோல்ஜியின் கொள்கையை மறுக்கும் கருவியாய் அமைந்தது வியப்பினும் வியப்பாகும்.

தாம் கண்டதைக் கஹால் தாமே வரைந்தார். நுண்ணோக்கியின் குவியத்தை மேலும் கீழும் மாற்றினாலன்றித் தடித்த துண்டில் ஓரணுவின் கிளைகள் அனைத்தையும் காண இயலாது. ஒளிப்படமோ ஒரு தளத்தை மட்டுமே காட்டும். ஒளிப்படக் கலையிலும் தேர்ந்தவராகிய கஹால் இதனை நன்கு அறிவார். ஆகவே பல தளங்களில் கண்டவற்றை மனத்தில் தொகுத்து ஒரே படமாகத் தாளில் அமைத்தார். இளமையில் மறைந்து பழகிய கலை அறிவியலுக்கு அடிப்படையாயிற்று.

உண்மையைக் கண்டுவிட்டால் மட்டும் போதுமா? உலகம் அதனை ஏற்க வேண்டுமே! அக்காலத்தில் ஸ்பெயின் மொழியில் வெளிவந்த ஆய்வுகளை அயல்நாட்டறிஞர் படிப்பதில்லை. கஹால் 1888ஆம் ஆண்டு மே மாதத்தில் தம் சொந்தச் செலவில் ஆய்விதழ் ஒன்றைத் தொடங்கினார். அறுபது படிகளே அச்சிட்டு, அவற்றுள் பெரும்பாலானவற்றை அயல்நாட்டறிஞர்க்கு அனுப்பினார். பலர் அதனைப் பிரித்தும் பார்க்கவில்லை. பிள்ளைகள் பெருகிய குடும்பத்தில் அச்சுக்கூலியும் சேர்ந்து சுமையாயிற்று. ஆயினும் அவர் சோர்ந்திலர். 1889ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில் செருமனி நாட்டுத் தலைநகரான பெர்லினில் உடற்கூற்றியல் அறிஞர் மாநாடு கூடியது. கஹால் தம் கைப்பொருளைச் செலவிட்டு, சாயமேற்றிய துண்டுகளை எடுத்துக்கொண்டு அங்குச் சென்றார். அவரை அறிந்தவர் அங்கு மிகச் சிலரே. நுண்ணோக்கிகளை வரிசையாக அமைத்து, தட்டுத் தடுமாறிய பிரெஞ்சு மொழியில் ஒவ்வொருவரையும் அழைத்துக் காட்டினார். அவர்களுள் முதுபெரும் அறிஞராகிய கோலிக்கர் என்பவரும் ஒருவர். எழுபது வயதைக் கடந்த அப்பெரியார், துண்டுகளைக் கூர்ந்து நோக்கினார்; தாம் நெடுநாள் கொண்டிருந்த வலைக் கொள்கையைக் கைவிட்டார்; கஹாலின் நூல்களைப் படிக்கும்பொருட்டு ஸ்பெயின் மொழியையும் கற்கலானார். கற்றாரின் பெருமை இதுவன்றோ!

1891ஆம் ஆண்டில் வால்டையர் என்னும் செருமானிய அறிஞர் நரம்பணுவுக்கு நியூரான் என்னும் பெயரை வழங்கினார். நரம்பணுவுக்கு மூன்று பகுதிகள் உண்டு. நடுவே இருப்பது அணுவுடல். அதனின்றும் மரக்கிளைபோல் பிரிந்து பரவுபவை டெண்டிரைட்டுகள். நீண்டு செல்லும் தனியிழை ஆக்சான் எனப்படும். கால் விரல் தசைகளுக்குச் செல்லும் ஆக்சான்கள் தண்டுவடத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளம் செல்கின்றன. இப்பகுதிகளின் வழியே செய்தி எத்திசையில் செல்கிறது? கஹால் கண்ணின் விழித்திரையையும் மூக்கின் நரம்புகளையும் ஆராய்ந்தார். அங்கெல்லாம் டெண்டிரைட்டுகள் செய்தி வரும் புறத்தை நோக்கியும், ஆக்சான்கள் மூளையை நோக்கியும் அமைந்திருந்தன. எனவே டெண்டிரைட்டுகளும் அணுவுடலும் செய்தியைப் பெறுகின்றன. ஆக்சான் அதனை அடுத்த அணுவிற்கு அனுப்புகிறது என்று முடிவு செய்தார். தம் படங்களில் அம்புக்குறி இட்டு அவ்வழியைக் காட்டினார்.

1892ஆம் ஆண்டில் கஹால் மாட்ரிட் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1894ஆம் ஆண்டில் இலண்டன் அரசக் கழகம் அவரை அழைத்துச் சொற்பொழிவாற்றச் செய்தது. அப்போது சார்லஸ் செரிங்டன் என்னும் அறிஞரின் இல்லத்தில் அவர் விருந்தினராகத் தங்கினார். தண்டுவடத்தின் செயல்களை ஆராய்ந்தவர் செரிங்டன். சுடுபாத்திரத்தில் விரல் பட்டவுடன், சுடுகிறது என்று நாம் உணருமுன்பே கை பின்னே இழுத்துக்கொள்கிறது. தோலிலிருந்து செய்தி கொணரும் நரம்பிழை தண்டுவடத்தின் பின்புறமாக நுழைகிறது. அங்குள்ள அணுக்கள் அச்செய்தியைப் பெறுகின்றன. கட்டளை முன்புறமாக வெளிப்பட்டுத் தசையை அடைகிறது. மூளைக்குச் செய்தி போய்ச் சேருமுன்பே தண்டுவடம் உடலைக் காத்துவிடுகிறது. இதற்கு அனிச்சைச் செயல் என்று பெயர். ஓரணு மற்றோர் அணுவைச் சந்திக்கும் இடத்திற்கு 1897ஆம் ஆண்டில் செரிங்டன் சினாப்ஸ் என்னும் பெயரை வழங்கினார்.

1906ஆம் ஆண்டில் மருத்துவத்திற்குரிய நோபல் பரிசு கோல்ஜிக்கும் கஹாலுக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. ஸ்டாக்ஹோம் நகரில் இருவரும் சந்தித்தனர். கோல்ஜி தம் சொற்பொழிவில், நரம்பணுக் கொள்கை தவறானது என்று வாதிட்டார். பரிசைப் பகிர்ந்துகொண்டவரே தம் வாழ்நாள் உழைப்பை அவையில் மறுத்தபோது, கஹாலின் உள்ளம் வருந்தாமல் இராது. எனினும் தம்முரையில் அவர் கோல்ஜி கண்ட முறையின் பெருமையைப் பாராட்டிவிட்டு, தாம் கண்ட சான்றுகளை முறையாக எடுத்துரைத்தார். மாறுபட்ட கருத்துடையாரிடத்தும் கடன்பட்டதை மறவாமை சான்றோர் இயல்பாகும்.

பரிசு பெற்றபின்னும் அவர் ஓய்ந்திருக்கவில்லை. அறுபட்ட நரம்புகள் மீண்டும் வளர்வதை நெடுங்காலம் ஆராய்ந்தார். கை கால்களில் உள்ள நரம்புகள் ஓரளவு வளர்ந்து இணையக்கூடும் என்பதையும், மூளையிலும் தண்டுவடத்திலும் அவ்வளர்ச்சி தொடங்கினும் விரைவில் நின்றுவிடுகிறது என்பதையும் விளக்கினார். இந்நாளிலும் மருத்துவ அறிஞர்கள் இத்தடையை வெல்ல முயன்று வருகின்றனர். மாணவர் பலரை அவர் உருவாக்கினார். அரசு அவருக்கு ஆய்வுக்கூடம் அமைத்து உயர்ந்த ஊதியம் அளிக்க முன்வந்தபோது, அது மிகுதி என்று கூறிக் குறைத்துக்கொண்டார். 1930ஆம் ஆண்டில் மனைவியாரை இழந்தார். இறுதி வரை ஆய்வையும் எழுத்தையும் கைவிடாதிருந்த கஹால், 1934ஆம் ஆண்டு அக்டோபர் 17ஆம் நாள் மாட்ரிட் நகரில் மறைந்தார்.

அவர் மறைந்து இருபது ஆண்டுகள் கழிந்தபின், 1950களில் மின்னணு நுண்ணோக்கியின் துணையால் அறிஞர்கள் சினாப்ஸை நேரில் கண்டனர். இரண்டு அணுக்களுக்கும் இடையே உண்மையாகவே ஓர் இடைவெளி இருந்தது. ஒரு மில்லிமீட்டரை ஐம்பதாயிரம் பங்காக்கினால் ஒரு பங்கு எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே அதன் அகலம். ஆக்சானின் முனையில் சுரக்கும் வேதிப்பொருள் அவ்விடைவெளியைக் கடந்து செய்தியை அடுத்த அணுவிற்கு உணர்த்துகிறது. சில இடங்களில் அணுக்கள் நுண்ணிய துளைகளால் நேரே இணைந்திருத்தலும் பின்னர் அறியப்பட்டது. ஆயினும் தனித்தனி அணுக்களால் ஆகியதே நரம்பு மண்டலம் என்னும் கஹாலின் கொள்கை நிலைபெற்றுவிட்டது. மனித மூளையில் ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன என்றும், அவற்றுள் பெரும்பகுதி சிறுமூளையில் இருக்கின்றன என்றும் இன்று கணக்கிட்டுள்ளனர்.

கஹாலின் ஆவணங்களையும் படங்களையும் யுனெஸ்கோ நிறுவனம் 2017ஆம் ஆண்டில் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்துச் சிறப்பித்தது. நரம்பியல் நூல்களில் அவர் கைவண்ணம் இன்றும் இடம்பெறுகின்றது. இவன் ஓவியன் ஆகான் என்று ஒருவர் கூறிய தீர்ப்பும், ஸ்பெயினிலிருந்து அறிவியல் வராது என்று எண்ணிய அயலாரின் அலட்சியமும், பெரியோர் பலர் ஏற்றிருந்த வலைக் கொள்கையும் அவரைத் தடுத்தில. சிறந்த கருவி வரும்வரை காத்திராமல் கையிலுள்ள கருவியால் தொடங்கினார். பிறர் சொன்னதைக் காணாமல், கண்முன் இருந்ததைக் கண்டார். கண்டதில் ஒரு கோட்டையும் கூட்டாமல் குறைக்காமல் வரைந்தார். மூளையின் அமைப்பை உலகம் அறிந்தது அவ்வுண்மையான கோடுகளின் வழியேதான்.